டெல்டாவில் கட்டி டிராக்கில் ஓட்டுவோம்: எலக்ட்ரிக் ரேஸ் பைக்கை ஒரு சீசன் முழுக்க ஓட்டி மேம்படுத்துவது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பக்கத்தில் இருந்துகொண்டே எலக்ட்ரிக் பைக் ரேஸில் இறங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலிடெக்னிக் பையன்களாக இருக்கலாம், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவராக இருக்கலாம், யாராக இருந்தாலும் சரி. நம் பக்கம் ரேஸ் டிராக் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே சுற்று 2.1 கி.மீ., ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் சென்னை சர்க்யூட் 3.717 கி.மீ. இரண்டுமே குட்டி யானையில் பைக்கை ஏற்றிக்கொண்டு போனால் அரை நாள் பயணம். அதனால் பட்டறையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய கோளாறை டிராக் வரை சுமந்துபோனால் அந்த வாரக் கடைசியே வீண்.

பெட்ரோல் பைக்கில் பழகியவர்கள் வந்ததும் கேட்பது "எத்தனை குதிரை?" என்றுதான். எலக்ட்ரிக் ரேஸில் கேட்க வேண்டியது "எத்தனை டிகிரி?". மோட்டார், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற கண்ட்ரோலர், பேட்டரி மூன்றுமே சில விநாடிகளுக்கு நீங்கள் கேட்கும் பவரைக் கொடுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் தொடர்ந்து கொடுக்குமா என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. சூட்டை அளந்து, எழுதி, ரவுண்டுக்கு ரவுண்டு (சீசனில் வரும் ஒவ்வொரு போட்டியும் ஒரு ரவுண்டு) குறைத்துக்கொண்டே போகிற டீம் சீசன் முடிவில் மேலே நிற்கும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இதைச் சுற்றித்தான்.

இந்த வண்டிகள் எவ்வளவு வேகமாக முன்னேறின என்பதற்கு ஒரு கணக்கு. 2009ல் ஐல் ஆஃப் மேன் தீவில் முதல் எலக்ட்ரிக் பைக் ரேஸ் நடந்தது. 60 கி.மீ. சொச்சம் நீளமுள்ள அந்த மலைச் சாலைச் சுற்றில் ஜெயித்தது அக்னி டீம், மோட்டார்கள் குஜராத்தைச் சேர்ந்த அக்னி நிறுவனத்துடையவை, சராசரி வேகம் மணிக்கு 140 கி.மீ. அளவு. 2012ல் சராசரி 100 மைலைத் தாண்டியது, 2019ல் 121 மைலுக்கு மேல், அதாவது 195 கி.மீ.க்கும் அதிகம். பத்து வருடத்தில் இவ்வளவு ஏறியதற்கு நல்ல செல்கள் வந்தது ஒரு காரணம், ஒவ்வொரு வருடமும் போன வருட டேட்டாவை வைத்து அடுத்த வண்டியைக் கட்டியது இன்னொரு காரணம். முதல் காரணத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும்.

கட்டுவதற்கான காலம்

சம்பா அறுவடை முடிந்து கையில் நேரமும் கொஞ்சம் காசும் இருக்கிற மாசியிலிருந்து வைகாசிக்குள் வண்டியைக் கட்டி முடித்துவிடுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு என்று பாதி டீம் வயலில் நிற்கும், ஸ்பானர் பிடிக்க ஆள் கிடைக்காது. சித்திரை வெயிலில் சோதனை ஓட்டம் போடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தஞ்சாவூரில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கிற வெயிலில் தாங்குகிற வண்டி கோயம்புத்தூர் காற்றில் கட்டாயம் தாங்கும்.

இரும்பை வெட்டும் முன் விதிப் புத்தகம். இந்தியாவில் மோட்டார் ரேஸுக்கான அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. ஓட்டுகிறவருக்கு அவர்களுடைய போட்டி லைசென்ஸ் வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். எலக்ட்ரிக்கில் நீங்கள் எந்த வகைப் போட்டியைக் குறிவைக்கிறீர்கள் என்பது முக்கியம். 2023ல் டிவிஎஸ் ரேசிங் அறிவித்த அப்பாச்சி ஆர்டிஈ மாதிரியான ஒன்-மேக் போட்டியில் வண்டியை அவர்களே தருவார்கள், நீங்கள் ஓட்டினால் போதும். ஸ்பெயினில் அரகோன் டிராக்கில் நடக்கும் மோட்டோஸ்டூடண்ட் மாதிரி மாணவர் போட்டிகளில் எலக்ட்ரிக் பிரிவு தனியாக இருக்கிறது, அங்கே வண்டியின் டிசைனுக்கும் மதிப்பெண் உண்டு. சொந்தமாகக் கட்டிய வண்டியை எந்தப் பிரிவில் விடுவார்கள், அதிகபட்ச வோல்டேஜ் எவ்வளவு, எடை வரம்பு என்ன, எந்த டயர் என்பதையெல்லாம் அந்தந்தப் போட்டியின் விதிமுறையில் பார்த்து, புரியாததை அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் இடத்தில், அந்தத் தாள் பேசும், நீங்கள் பேச வேண்டியதில்லை.

ஃபிரேம்

சேஸிஸைப் புதிதாக வரைந்து கட்டும் ஆசையை இரண்டாவது சீசனுக்குத் தள்ளி வையுங்கள். பழைய யமஹா ஆர்15 ஒன்றை எடுத்து எஞ்சினை இறக்குவதுதான் என் பரிந்துரை. டெல்டாபாக்ஸ் ஃபிரேம் விறைப்பானது, ரேஸில் ஓட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சஸ்பென்ஷன் பாகமும் பிரேக் பாகமும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்சின் அந்த ஃபிரேமில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அது ஃபிரேமின் ஒரு பகுதி மாதிரி வேலை செய்கிறது. அதை எடுத்த இடத்தில் பேட்டரிப் பெட்டியை வெறும் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டால் வளைவில் வண்டி நெளியும். பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு கூடு அடித்து, எஞ்சின் மவுண்ட் போல்ட் இருந்த அதே புள்ளிகளில் இறுக்குங்கள். மோட்டார் மவுண்ட் பிளேட்டுக்குத் திருச்சி துவாக்குடி பக்கம் போய்விடுங்கள், பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே நிறைய இருக்கின்றன, வரைபடம் சரியாக இருந்தால் வேலை சரியாக வரும்.

எடை பார்க்க நெல் வியாபாரியிடம் இருக்கிற எலக்ட்ரானிக் பிளாட்ஃபார்ம் தராசு போதும். முன் சக்கரத்தைத் தராசில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை வைத்து, ஓட்டுகிறவர் ரேஸ் உடையோடு ரேஸில் குனிகிற மாதிரியே குனிந்து உட்காரட்டும். குறித்துக்கொண்டு திருப்பி வைத்துப் பின்பக்கம் பாருங்கள். முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக வரும்வரை பேட்டரியை நகர்த்தலாம். பெட்டியை வெல்டிங் செய்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் செல் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம், முழு சீசனும் இதில்தான் இருக்கிறது.

முதலில் காற்று. ஓட்டுகிறவர் குனிந்திருக்கும் சிறிய ரேஸ் பைக்குக்கு, முன்பரப்பையும் காற்று இழுவை எண்ணையும் பெருக்கினால் 0.35 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 100 கி.மீ. வேகத்தில் காற்றை மட்டும் கிழிக்க 4.3 கிலோவாட் வேண்டும். 120க்குப் போனால் 7.5 கிலோவாட். வேகம் 20 சதவீதம்தான் ஏறியது, பவர் 70 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. எதிர்க்காற்று இதைவிட மோசம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக கோயம்புத்தூரில் அடிக்கிற காற்று தெரியும்தானே, 20 கி.மீ. எதிர்க்காற்றில் அதே 100 கி.மீ. வேகத்துக்கு 4.3 என்பது 6.2 கிலோவாட் ஆகிவிடும். அதனால்தான் ஃபேரிங்கில் (வண்டியைச் சுற்றியிருக்கும் காற்றுத் தடுப்பு உறை) இருக்கிற ஓட்டையை அடைப்பதும், ஓட்டுகிறவரின் முழங்கையை உள்ளே இழுக்கச் சொல்வதும் பெரிய மோட்டார் வாங்குவதைவிட மலிவான பவர்.

காற்றும் உரசலும் சேர்ந்து உங்கள் வண்டியை உண்மையில் எவ்வளவு பின்னால் இழுக்கின்றன என்பதை நீங்களே அளக்கலாம். தனியாருக்குச் சொந்தமான, அனுமதி வாங்கிய, நேரான சமதளச் சாலை வேண்டும், கல்லூரி வளாகத்தில் விடுமுறை நாளில் கேட்டால் கிடைக்கும். 65 வரை போய் த்ராட்டிலை விட்டுவிட்டு, ரீஜெனை (வேகம் குறையும்போது மோட்டாரே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை) அணைத்த நிலையில், 60லிருந்து 50க்கு இறங்க எத்தனை விநாடி என்று வேகத்தைப் பதிவு செய்கிற ஜிபிஎஸ் லாகரில் பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 190 கிலோ, 6 விநாடி ஆகிறது என்றால் தடை விசை சுமார் 88 நியூட்டன், 55 கி.மீ. வேகத்தில் அது 1.3 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். போக ஒரு முறை, வர ஒரு முறை எடுத்துச் சராசரி போடுங்கள், இல்லாவிட்டால் காற்று ஏமாற்றிவிடும். செயின் இறுக்கம், வீல் பேரிங், பிரேக் பேட் உரசல், டயர் காற்று எது கெட்டாலும் இந்த விநாடிக் கணக்கில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கிளம்பும் முன் இதைச் செய்தால் நல்லது.

அப்புறம் பேட்டரி. 72 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம், 20 செல் தொடராக, ஒவ்வொன்றிலும் 10 செல் இணையாக, அதிக கரண்ட் தருகிற 4.2 ஆம்பியர்-அவர் 21700 அளவு லித்தியம் செல்கள், மொத்தம் 200. மொத்தம் 3 கிலோவாட்-அவர், செல் எடை மட்டும் 14 கிலோ. முழு சார்ஜில் 84 வோல்ட். கரியில் சுற்றுக்கு 90 விநாடி வீதம் 8 சுற்று என்றால் 12 நிமிடம், சராசரி 8 கிலோவாட் இழுத்தால் 1.6 கிலோவாட்-அவர் போதும். "அப்போ பாதி பேட்டரி மிச்சமா, குறைத்துவிடலாமே" என்று தோன்றும். பொறுங்கள், இப்போது சூட்டுக் கணக்கு.

ஒவ்வொரு செல்லின் உள் தடையும் 15 மில்லிஓம் என்றால் இந்தப் பேக்கின், அதாவது செல்கள் எல்லாம் சேர்ந்த பேட்டரித் தொகுப்பின், தடை 30 மில்லிஓம். ரேஸில் கரண்ட் ஏறி இறங்கும், ஆர்எம்எஸ் கணக்கில் (சூட்டைக் கணக்கிட எடுக்கும் ஒருவகைச் சராசரி) 120 ஆம்பியர் என்று எடுத்தால் பேக்குக்குள்ளேயே 430 வாட் சூடாகப் போகிறது. 12 நிமிடத்தில் அந்தச் சூடு 14 கிலோ செல்லை ஏறக்குறைய 22 டிகிரி ஏற்றும். 35 டிகிரியில் தொடங்கினால் 57ல் முடியும். 40ல் தொடங்கினால் 62, பெரும்பாலான செல்களுக்கு 60 டிகிரிதான் எல்லை. அதாவது வெயிலில் நிறுத்தி வைத்த பைக்கைக் கிரிட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனால் கடைசிச் சுற்றில் சூடு எல்லையைத் தாண்டுகிறது. இதே பேக்கை 7 செல் இணையாகக் குறைத்தால் தடை ஏறும், சூட்டை வாங்கிக்கொள்ள எடையும் குறையும், இரண்டும் சேர்ந்து வெப்ப ஏற்றம் இரு மடங்கு ஆகிவிடும். எனவே முதல் சீசனில் பேட்டரியைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். உலக அளவிலான எலக்ட்ரிக் பைக் ரேஸ் தொடரான மோட்டோஈ பந்தயத்தில் ஓடிய டுகாட்டி வண்டியில் 18 கிலோவாட்-அவர் பேக், எடை 110 கிலோ, அதற்கென்றே தனி திரவக் குளிர்ச்சி. அந்த வசதி நம்மிடம் இல்லை, நமக்கு இருப்பது செல்லின் எடையும் நிழலும்தான்.

கியர் விகிதம். மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று வரை போகும், 140/70 அளவு 17 அங்குல பின் டயரின் சுற்றளவு சுமார் 1.97 மீட்டர். 120 கி.மீ. வேகத்துக்கு மொத்த விகிதம் 5.9 வேண்டும், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 5.9 சுற்று. நேராக ஸ்ப்ராக்கெட்டில் அதைக் கொண்டுவர முடியாது, அதனால்தான் உள்ளேயே 2.35 ரிடக்‌ஷன் உள்ள மிட்-டிரைவ் மோட்டாரை நிறையப் பேர் எடுக்கிறார்கள், மிச்சத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 35 பல். பின்னால் 38 பல் மாற்றினால் உச்ச வேகம் 111க்கு இறங்கும், ஆனால் அதே இழுவைக்கு மோட்டார் கரண்ட் குறைவதால் மோட்டாரின் காப்பர் காயிலில் வரும் சூடு 15 சதவீதம் குறையும். கரி மாதிரி குறுகிய டிராக்கில் 38, இருங்காட்டுக்கோட்டை நேர்வழிக்கு 35. ஸ்ப்ராக்கெட்டுக்கு ஆகும் காசு கொஞ்சம்தான், 34லிருந்து 40 வரை ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மலிவாக லேப் டைமை மாற்றும் வேறு பாகம் வண்டியில் இல்லை.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

வாகன விதிகளில் 60 வோல்ட் டிசிக்கு மேல் என்றாலே ஆபத்தான வகையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 84 வோல்ட் பேக் ஆளை அடிக்கும், ஸ்பானர் குறுக்கே விழுந்தால் ஸ்பானரையே உருக்கும். முதல் சீசனுக்குப் பேக்கை நீங்களே ஸ்பாட் வெல்டிங் செய்யாதீர்கள். செல்லின் பேட்ச் விவரமும் கொள்ளளவுச் சோதனை ரிப்போர்ட்டும் கொடுக்கிற ஆளிடம் செய்து வாங்குங்கள். உச்சத்தில் 200 ஆம்பியர் போகும்போது ஒவ்வொரு செல்லும் 20 ஆம்பியர் தள்ளும், அதை வெறும் நிக்கல் பட்டை தாங்காது, காப்பரும் நிக்கலும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்த செல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ஃபியூஸ் டிசிக்கென்று செய்ததாக, குறைந்தது 100 வோல்ட் டிசி தாங்குவதாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போடுகிற எம்சிபியை மாட்டினால், டிசியில் பொறி தானாக அணையாது, பிரிந்த பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். மெயின் காண்டாக்டரை (பேக்கின் மொத்தக் கரண்டையும் இணைத்து வெட்டுகிற பெரிய சுவிட்ச்) போடும் முன் ப்ரீசார்ஜ்: 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓரிரண்டு விநாடி கண்ட்ரோலர் கெப்பாசிட்டரை நிரப்பிவிட்டுத்தான் காண்டாக்டர் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் அது ஒட்டியது ஒட்டியபடியே நின்றுவிடும், கில் சுவிட்சை அடித்தாலும் விடாது. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டுகிற கயிறு கில் சுவிட்சும் கட்டாயம். செல்களைக் கண்காணித்துக் காப்பாற்றுகிற பிஎம்எஸ் சர்க்யூட் நடுவளைவில் மொத்தமாகப் பவரை வெட்டுகிற மாதிரி வைக்காதீர்கள், முதலில் கண்ட்ரோலர் கரண்டைக் குறைக்கட்டும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியட்டும், வெட்டுவது கடைசி எல்லையில்.

சத்தம் இல்லாத வண்டி இது. சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. சாவி போடுகிறவர் "லைவ்!" என்று கத்த வேண்டும், பின் சக்கரம் ஸ்டாண்டில் தூக்கியிருக்க வேண்டும். இதில் அண்ணன் தம்பி பார்க்காதீர்கள், கத்தாதவர் கையிலிருந்து சாவியை வாங்கிவிடுங்கள்.

நம் ஊரில் இருக்கிற ஒரு பெரிய வசதியை யாரும் கண்டுகொள்வதில்லை: பம்ப்செட் மோட்டார் வைண்டிங் கடை. அங்கே இருக்கிற அண்ணனுக்கு மூன்று ஃபேஸ் காயில் என்றால் அத்துபடி. கண்ட்ரோலரையும் சென்சார் ஒயரையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மோட்டார் நூறு மெகாஓமுக்கு மேல் காட்டும். சீசன் நடுவில் அது இறங்கிக்கொண்டே வந்தால் ஈரமோ சூட்டில் வெந்த வார்னிஷோ காரணம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கத்து டீம்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும், அந்த உப்புக் காற்று லக்கையும் கனெக்டரையும் சத்தமில்லாமல் அரித்துவிடும். ஈயம் பூசிய காப்பர் கேபிள், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், நல்ல கிரிம்பிங் டூல், இந்த மூன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

2019 மார்ச்சில், மோட்டோஈ தொடங்கும் முன்பே, ஹெரெஸ் டிராக்கில் சோதனை ஓட்டத்தின்போது இரவில் தீப்பிடித்து எல்லா டீம்களின் பைக்குகளும் எரிந்து போயின. வண்டிகளைப் புதிதாகச் செய்து ஜூலையில்தான் முதல் ரேஸ் நடத்த முடிந்தது. அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கே அப்படி. சார்ஜ் ஏறும்போது ஆள் இல்லாமல் விடாதீர்கள், இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். லித்தியம் பேக் எரிந்தால் ஏராளமான தண்ணீர்தான் வழி, புகை விஷம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நின்று ஆட்களை விலக்குங்கள்.

ரேஸ் வாரம்

பைக் குட்டி யானையில், பேட்டரி பாதிக்கும் குறைந்த சார்ஜில், சர்வீஸ் பிளக் (பேக்கைத் துண்டிக்கும் பிளக்) கழற்றிய நிலையில், தார்ப்பாய்க்கு அடியில் காற்றோட்டத்தோடு வரட்டும். பேடாக்கில் (டீம்கள் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) கரண்ட் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் சார்ஜருக்குத் தகுந்த ஜெனரேட்டரையும் எடுத்துப் போங்கள். 84 வோல்ட் 15 ஆம்பியர் சார்ஜரில் 1.6 கிலோவாட்-அவர் திரும்ப ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன் பேக் ஆற வேண்டும். பெரும்பாலான செல்களுக்கு சார்ஜ் போடும் எல்லை 45 டிகிரி. ஓட்டி முடித்த 57 டிகிரி பேக்கை நேராகச் சார்ஜரில் மாட்டுவதுதான் சீசன் நடுவில் செல்லைக் கொல்கிற வேலை. பெட்டியின் அடியில் அலுமினியத் தகடு வைத்திருந்தால் பெடஸ்டல் ஃபேனும் ஈரச் சாக்கில் சுற்றிய ஐஸ் பையும் வேலை செய்யும், கனெக்டர் பக்கம் ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. பிராக்டீஸ், குவாலிஃபையிங், ரேஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதி, நடுவில் ஆறும் நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் போட்டுப் பார்த்தால், எந்த செஷனை விட்டுவிட வேண்டும் என்பது தானாகத் தெரியும். விடத் தயங்காதீர்கள்.

முதல் இரண்டு சுற்றில் ரீஜெனைக் குறைத்து வையுங்கள். பேக் நிறைந்திருக்கும்போது பிரேக்கில் திரும்ப வருகிற கரண்டுக்குப் போக இடமில்லை, வோல்டேஜ் ஏறி கண்ட்ரோலர் வெட்டினால் வளைவுக்குள் நுழையும் நேரத்தில் பின் சக்கரப் பிடிமானம் சட்டென்று மாறும். சிறிய பைக்கில் ரீஜெனால் திரும்பக் கிடைக்கும் சார்ஜ் சொற்பம்தான், பிரேக்கில் வேகத்தை இழக்கும் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தானே நடக்கிறது. ஓட்டுகிறவருக்கு எஞ்சின் பிரேக் மாதிரி ஒரு உணர்வு கிடைக்கும், அதற்காக வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுகிறவர் ரேஸ் அன்றைக்கு ஸ்பானர் பிடிக்கக் கூடாது. அவருக்கு ஒரே வேலை: ஓட்டுவது, வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் நினைவில் இருப்பதைச் சொல்வது. ஒருவர் அதை அப்படியே எழுதட்டும், மடிக்கணினியில் டேட்டாவைப் பார்க்கும் முன்பே. டேட்டாவைப் பார்த்துவிட்டால் அவருடைய உணர்வு அதற்கேற்ப வளைந்துவிடும்.

ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில்

சீசனை ஜெயிப்பது இங்கேதான். விதி ஒன்று: ஒரு ரவுண்டுக்கு ஒரு மாற்றம். ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றி, த்ராட்டில் மேப்பையும் (எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு கரண்ட் என்ற கண்ட்ரோலர் அமைப்பு) மாற்றி, புது டயரையும் போட்டு லேப் டைம் ஒரு விநாடி குறைந்தால், எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. அது அதிர்ஷ்டம், அடுத்த டிராக்கில் கூட வராது.

லாகரில் பேக் வோல்டேஜ், கரண்ட், ஒவ்வொரு செல் தொகுதியின் வோல்டேஜ், மோட்டார் சூடு, கண்ட்ரோலர் சூடு, பேக்குக்குள் குறைந்தது நான்கு இடத்துச் சூடு, ஜிபிஎஸ் வேகம் எல்லாம் இருக்க வேண்டும். பேக்கின் நடுச் செல்தான் அதிகம் சூடாகும், ஒரு சென்சாராவது அங்கே இருக்கட்டும்.

செல் வோல்டேஜை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைசிச் சுற்றில் முழு த்ராட்டிலில் எல்லாத் தொகுதியும் 3.30 வோல்ட் காட்ட, 14ஆவது தொகுதி மட்டும் 3.05 என்று வைத்துக்கொள்வோம். உடனே செல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். வண்டி பிட்டுக்கு வந்து கரண்ட் பூஜ்யமான பிறகு அதே தொகுதியைப் பாருங்கள். மற்றவற்றோடு சமமாக ஏறி வந்துவிட்டால் செல்லில் சார்ஜ் இருக்கிறது, தடைதான் அதிகம்: ஸ்பாட் வெல்டு விட்டிருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம், அந்த இடத்தில் சூடும் கூடுதலாக இருக்கும். ஓய்விலும் கீழேயே கிடந்தால் அந்தத் தொகுதியின் கொள்ளளவு குறைந்துவிட்டது, அல்லது இணையாக இருக்கும் பத்தில் ஒரு செல் கழன்றுவிட்டது. முதலாவதற்கு ஜாயிண்ட் வேலை போதும், இரண்டாவதற்குத் தொகுதியையே மாற்ற வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் முழு பேக்கையும் பிரிக்கிற டீம் அடுத்த ரவுண்டுக்கு வராது.

மோட்டார் சூட்டில் பார்க்க வேண்டியது உச்ச எண்ணைவிட, ஏறுகிற சாய்வு. எட்டாவது சுற்றிலும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால் ரேஸ் இன்னும் இரண்டு சுற்று நீண்டால் தாங்காது. காப்பர் 100 டிகிரி சூடேறினால் அதன் தடை கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடும், கூடிய தடை மேலும் சூடாக்கும், இது ஒரு சங்கிலி. காந்தம் அளவுக்கு மீறிச் சுட்டால் அதன் பலம் நிரந்தரமாகக் குறையும், அப்புறம் அதே இழுவைக்கு எப்போதும் அதிக கரண்ட் கேட்கும். 120 டிகிரியில் கண்ட்ரோலர் கரண்டைக் குறைக்கத் தொடங்கும்படி வைத்து, ரேஸில் அந்த எண்ணைத் தொடாமல் முடிப்பதை இலக்காக வையுங்கள். தொட்டால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: பின் ஸ்ப்ராக்கெட்டில் கூடுதல் பல், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஃபேஸ் கரண்டை (மோட்டார் காயிலுக்குப் போகும் கரண்ட்) 10 சதவீதம் குறைத்த மேப், மோட்டார்மேல் காற்று விழும்படி ஃபேரிங்கில் வழி. நான் இதே வரிசையில்தான் செய்வேன், காசு குறைவானது முதலில்.

அவசரச் சோதனைக்கு ரைஸ் மில்லின் சிமெண்ட் களம் போதும், காயப்போட்ட நெல் இல்லாத நாளில், சொல்லிக் கேட்டுவிட்டு. மெதுவேகத்தில் த்ராட்டில் சுணக்கம், பிரேக், கில் சுவிட்ச், ப்ரீசார்ஜ் எல்லாம் அங்கே பார்த்துவிடலாம். பொதுச் சாலையில் மட்டும் எடுக்காதீர்கள். பதிவு எண்ணும் இன்சூரன்ஸும் இல்லாத, சத்தமும் இல்லாத வண்டி, திடீரென்று வரப்பிலிருந்து ஆடு ஏறும் ஊர்ச் சாலை.

சீசன் முடிந்ததும்

ஐப்பசி மழை தொடங்கும் முன் பேக்கைக் கழற்றி, ஒவ்வொரு செல்லும் 3.7, 3.8 வோல்ட் அளவில் இருக்கும்படி சார்ஜைக் கொண்டுவந்து, காய்ந்த, குளிர்ச்சியான அறையில் சிமெண்ட் தரையில் வையுங்கள். வைக்கோல் போர், உர மூட்டை, டீசல் கேன் இருக்கிற கொட்டகை வேண்டவே வேண்டாம். மாதம் ஒரு முறை எல்லாத் தொகுதியையும் அளந்து அதே லாக் நோட்டில் எழுதுங்கள், தானாக இறங்குகிற தொகுதி மழைக்காலத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொடுத்து பேரிங் மாற்றி மறுபடி மெக்கர் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, சீசனின் எல்லா ரவுண்டு டேட்டாவையும் ஒன்றாக வைத்து, பேக்கின் மொத்தத் தடை முதல் ரவுண்டில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்: த்ராட்டில் திறக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது, அதைக் கரண்ட் எவ்வளவு ஏறியது என்பதால் வகுத்தால் போதும், ஆனால் ஒரே சூட்டில், ஒரே சார்ஜ் அளவில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். கால்வாசிக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பேக்கைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு ரேஸுக்குப் புதியது கட்டுங்கள். செல் ஆர்டரைக் கார்த்திகையிலேயே போட்டுவிடுவது நல்லது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிற சீனப் புத்தாண்டுக்கு அங்கே தொழிற்சாலைகளை மூடிவிடுவார்கள், அதற்குள் கப்பல் ஏறாத சரக்கைப் பங்குனிக்கு முன் எதிர்பார்க்க முடியாது.